விண்வழி சமைத்த வித்தகர் ஜே. ஆர். டி. டாட்டா

நம் பள்ளித் திடலில் மாணவர்கள் விளையாடிக் கொண்டிருக்கும் பொழுது, வானத்தில் விமானம் செல்லும் ஓசை கேட்டால் உடனே ஆட்டம் நின்று விடுகின்றது. அனைவரும் அண்ணாந்து பார்க்கின்றனர். அது கண்ணுக்கு மறையும் வரையில் கை அசைக்கின்றனர். அவ்விமானம் எந்த ஊருக்குச் செல்கின்றது, அவ்வூர் எவ்வளவு தொலைவு, எத்தனை மணி நேரத்தில் போய்ச் சேரும் என்று ஒருவரை ஒருவர் வினவிக் கொள்கின்றனர். இவை நல்ல வினாக்கள். இவ்வினாக்களுக்கு விடை தேடுவதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்ட பெருமகனார் ஒருவரின் வரலாற்றை இவ்வாண்டு மலரில் காண்போம்.

அதற்கு முன்பு நம் வீட்டு முதியோரைச் சற்று நினைத்துப் பார்ப்போம். பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் பால் மரம் வெட்டி வாழ்ந்த நம் முன்னோர், நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பல் ஏறிப் பினாங்குத் துறைமுகத்தில் வந்து இறங்கியவர்கள். 1926-ஆம் ஆண்டில் கட்டப் பெற்று 1973 வரையில் அவ்வழியே ஓடிய ரஜூலா என்னும் கப்பலின் பெயரை அறியாத முதியவர் நம் தோட்டப்புறங்களில் அரியர். அப்பயணம் ஏறத்தாழ ஒரு வாரம் நீடிக்கும். மனிதர் வருவதற்கு ஒரு வாரம் என்றால் கடிதம் வருவதற்கும் அவ்வளவு நாள் வேண்டும். கிராமத்து அஞ்சல் நிலையத்திலிருந்து கப்பலுக்கும், கப்பலிலிருந்து தோட்டத்து அலுவலகத்துக்கும் அது வந்து சேர மேலும் சில நாள் ஆகும். ஊரில் தாய் இறந்த செய்தி, கருமாதி முடிந்த பின்னரே லயத்து வாசலை எட்டிய குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. தொலைவு என்பது தேசப்படத்தில் உள்ள கோடு மட்டுமன்று; காத்திருப்பவர் நெஞ்சில் உள்ள சுமையும் அதுவே. அச்சுமையைக் குறைக்க முனைந்தவர்களுள் ஒருவரே ஜே. ஆர். டி. டாட்டா ஆவார்.

பிறப்பும் இளமையும்

ஜஹாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாட்டா என்பது அவரது முழுப்பெயர். 1904-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 29-ஆம் நாள் பிரான்சு நாட்டின் தலைநகராகிய பாரிசில் பிறந்தார். தந்தையார் பம்பாய்ப் பார்சி வணிகர். தாயார் பிரெஞ்சுப் பெண்மணி. ஐந்து மக்களுள் இவர் இரண்டாமவர். தந்தையாரின் தொழில் காரணமாகக் குடும்பம் பிரான்சிலும் இந்தியாவிலும் ஜப்பானிலும் மாறி மாறி வாழ்ந்தது. ஆகவே சிறு வயதிலேயே கப்பற்பயணத்தின் நெடிய நாட்களை அவர் நன்கு அறிந்திருந்தார்.

பிரான்சின் வடகடற்கரையில் ஹார்டெலோ என்னும் ஊர் உண்டு. டாட்டா குடும்பத்தினர் விடுமுறை நாட்களை அங்குக் கழிப்பது வழக்கம். லூயி பிளேரியோ என்னும் புகழ் பெற்ற விமானிக்கும் அவ்வூரில் வீடு இருந்தது. இந்தப் பிளேரியோவே 1909-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள், பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலுள்ள கால்வாயை விமானத்தில் முதன்முதலாகக் கடந்தவர். ஏறத்தாழ 37 நிமிடங்களில் அவர் அக்கரை சேர்ந்தார். அக்கடற்கரையில் வந்து இறங்கும் சிறு விமானங்களைக் கண்டு கண்டு, தாமும் ஒரு நாள் பறக்க வேண்டும் என்னும் ஆசை சிறுவர் ஜஹாங்கீரின் உள்ளத்தில் வேரூன்றியது. பதினைந்து வயதில் அங்கேயே ஒரு விமானத்தில் பயணியாக ஏறி முதன்முறை வானத்தைக் கண்டார். அன்று கொண்ட ஆசை இறுதி வரையில் அவரை விட்டு அகலவில்லை.

இந்திய மண்ணில் முதல் உரிமம்

1925-ஆம் ஆண்டில் அவர் இந்தியா திரும்பி, குடும்ப நிறுவனத்தில் ஊதியம் பெறாத பயிற்சியாளராகச் சேர்ந்தார். மறு ஆண்டே தந்தையார் காலமானார். தாயாரோ 1923-இலேயே மறைந்து விட்டார். இருபத்திரண்டு வயதில் குடும்பப் பொறுப்பு முழுவதும் அவர் தோளில் விழுந்தது. எனினும் பறக்கும் ஆசையை அவர் கைவிடவில்லை. பம்பாயில் விமானப் பயிற்சிக் கழகம் தொடங்கப் பெற்றதும் அதில் சேர்ந்து கற்றார். 1929-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள், இந்தியாவில் வழங்கப் பெற்ற முதல் விமானி உரிமம் அவருக்குக் கிடைத்தது. அவ்வுரிமத்தின் எண் 1.

பரிசை இழந்தார், பெருமை பெற்றார்

இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனியே விமானம் ஓட்டிச் செல்லும் முதல் இந்தியருக்கு 500 பவுன் பரிசு என்று ஆகா கான் அவர்கள் அறிவித்திருந்தார். 1930-ஆம் ஆண்டில் டாட்டா கராச்சியிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டார். ஆஸ்பி எஞ்சினியர் என்னும் பதினேழு வயது இளைஞர் இங்கிலாந்திலிருந்து கிழக்கு நோக்கிப் புறப்பட்டார். இருவரும் எகிப்து நாட்டில் அபூக்கிர் என்னும் இடத்தில் எதிர்பாராமல் சந்தித்தனர். ஆஸ்பியின் விமானம் அங்குத் தங்கி நின்று விட்டது. அதன் இயந்திரத்துக்கு ஸ்பார்க் பிளக் தேவைப்பட்டது; அவரிடம் மாற்றுப் பிளக் இல்லை.

மாணவர்களே, இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். போட்டியாளர் நகர முடியாமல் நிற்கின்றார். பேசாமல் தம் வழியே சென்றிருந்தால் பரிசு டாட்டாவுக்கே கிடைத்திருக்கும். ஆனால் அவரோ தம்மிடம் மிகுதியாக இருந்த பிளக்குகளை எடுத்து அவ்விளைஞரிடம் கொடுத்தார். இருவரும் தத்தம் திசையில் பறந்தனர். சில மணி நேர வேறுபாட்டில் ஆஸ்பி முந்திக் கொண்டார். பரிசும் அவருக்கே சென்றது. டாட்டா அதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை. பரிசு பெற்ற ஆஸ்பி பிற்காலத்தில் இந்திய விமானப் படையின் தலைமைத் தளபதியாக உயர்ந்தார். அன்று எகிப்துப் பாலைவனத்தில் கொடுக்கப் பெற்ற சில பிளக்குகள் ஒரு நாட்டின் படைத்தலைவரை உருவாக்கத் துணை புரிந்தன எனலாம்.

கடிதங்களைச் சுமந்த சிறு விமானம்

அக்காலத்தில் இலண்டனிலிருந்து விமானத்தில் வரும் கடிதங்கள் கராச்சியோடு நின்று விடும். அங்கிருந்து பம்பாய்க்கும் சென்னைக்கும் அவை தரைவழியே செல்ல வேண்டும். கராச்சி வரையில் பறந்து வந்த கடிதம், அதற்கு மேல் ஊர்ந்து செல்லும். இக்குறையை நீக்க நெவில் வின்சென்ட் என்னும் ஆங்கில விமானி ஒரு திட்டம் வகுத்தார். டாட்டா அதனை ஏற்றுத் தம் நிறுவனத்தின் வழியாக நிறைவேற்ற முற்பட்டார். 2 இலட்சம் ரூபாய் முதலீட்டில் டாட்டா விமான சேவை பிறந்தது. அரசாங்கம் உதவித் தொகை தர மறுத்தும் அவர் பின்வாங்கவில்லை.

1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் காலை 6 மணி 35 நிமிடத்துக்கு, ஒற்றை இயந்திரம் பூட்டிய பஸ் மோத் என்னும் சிறு விமானத்தில் கடிதப் பைகளை ஏற்றிக் கொண்டு, டாட்டா தாமே கராச்சியிலிருந்து புறப்பட்டார். வழிகாட்ட வானொலிக் கருவி இல்லை. தரையில் தெரியும் ஆறும் இருப்புப் பாதையுமே வழிகாட்டி. இடையில் அகமதாபாத்தில் எரிபொருள் நிரப்பினர். அவ்வெரிபொருள் தகரக் கலன்களில் மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தது. விமானத்துக்கு மாட்டு வண்டி உணவூட்டிய காட்சியை எண்ணுந்தோறும் நமக்கு வியப்பு உண்டாகின்றது. பிற்பகல் 1 மணி 50 நிமிடத்துக்கு விமானம் பம்பாய் ஜூகு திடலில் இறங்கியது.

அங்கிருந்து வின்சென்ட் கடிதங்களைப் பெற்றுக் கொண்டு பறந்தார். பெல்லாரியில் இரவு தங்கி, மறுநாள் சென்னையில் தரை இறங்கினார். நம் முன்னோர் கப்பல் ஏறிய அதே சென்னைக்கு வான்வழித் தபால் இவ்வாறு வந்து சேர்ந்தது. பின்னர், 1938-ஆம் ஆண்டில் இவ்வழி திருச்சியைத் தொட்டுக் கொழும்பு வரையில் நீண்டது.

தொலைவும் நேரமும்

அன்றைய பயணத்தைக் கொண்டு நாம் ஒரு கணக்குச் செய்து பார்ப்போம். கராச்சிக்கும் பம்பாய்க்கும் இடையே நேர்த்தொலைவு ஏறத்தாழ 870 கிலோமீட்டர். ஆனால் அகமதாபாத்தைத் தொட்டுச் சென்றால் அது 1,000 கிலோமீட்டருக்கு மேலாகி விடுகின்றது. அச்சிறு விமானத்தின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 160 கிலோமீட்டர். ஆகவே வானத்தில் மட்டும் ஆறரை மணி நேரம் ஆகும். புறப்பட்டது முதல் சேர்ந்தது வரையில் ஆன நேரமோ 7 மணி 15 நிமிடம். எஞ்சிய முக்கால் மணி நேரம் தரையில் எரிபொருள் நிரப்பவும் பிற பணிகளுக்கும் ஆனது எனக் கொள்ளலாம்.

இதிலிருந்து நாம் அறிவது யாது? இரண்டு ஊர்களுக்கு இடையிலுள்ள தொலைவு ஒரு நாளும் மாறுவதில்லை. மாறுவது நேரமே. விமானத்தின் வேகம், அது செல்லும் வழி, இடையில் நிற்கும் இடங்கள், வீசும் காற்று ஆகிய நான்கும் சேர்ந்தே பயண நேரத்தை வகுக்கின்றன.

வழியைப் பற்றி ஒன்று கூறுவோம். நம் வகுப்பறையில் உள்ள பூகோள உருண்டையை எடுத்து, கோலாலம்பூருக்கும் இலண்டனுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். அந்நூல் செல்லும் பாதையே மிகக் குறுகிய பாதை. அதனையே தட்டையான தேசப்படத்தில் வரைந்தால் வளைந்த கோடாகத் தோன்றும். விமானங்கள் வளைந்து செல்வது போலத் தோன்றினும் உண்மையில் அவை குறுக்கு வழியையே நாடுகின்றன.

காற்றைப் பற்றியும் அறிதல் வேண்டும். வடக்கே, மிக உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிப் பெருங்காற்று வீசுகின்றது. ஆகவே இலண்டனுக்குப் போகும் விமானம் எதிர்க்காற்றில் செல்வதால் கூடுதல் நேரம் எடுத்துக் கொள்கின்றது. திரும்பி வரும் பொழுது பின்காற்றின் துணையால் விரைந்து வருகின்றது. தொலைவு ஒன்றே, நேரம் இரண்டு.

இனி நமக்கு நெருங்கிய கணக்கு. சென்னைக்கும் கோலாலம்பூருக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர். இன்றைய ஜெட் விமானம் அதனை ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் கடக்கின்றது. 1932-ஆம் ஆண்டின் அச்சிறு விமானத்தின் வேகத்தில் சென்றால் பதினாறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதிலும் அது ஒரே மூச்சில் வங்கக் கடலைத் தாண்ட இயலாது. சென்னையில் காலை 10 மணிக்குப் புறப்படும் விமானம் கோலாலம்பூரை அடையும் பொழுது நம் கடிகாரத்தில் மணி என்ன? பிற்பகல் 2 மணி என்று விரைந்து விடை கூறி விடாதீர்கள். நம் நாட்டு நேரம் இந்திய நேரத்துக்கு இரண்டரை மணி முந்தியது. ஆகவே மாலை 4 மணி 30 நிமிடம் என்பதே சரியான விடை.

நேரம் தவறாத நிறுவனம்

டாட்டாவின் விமான சேவைக்குத் தொடக்கத்தில் இருந்தவை சிறு விமானங்களே. பணியாளரும் மிகச் சிலரே. ஜூகு திடல் மழைக்காலத்தில் நீரில் மூழ்கி விடும். அப்பொழுது பூனாவுக்குச் சென்று பணி செய்தனர். இவ்வளவு இடர்களுக்கிடையிலும் முதல் ஆண்டிலேயே அவர்கள் நேரம் தவறாமைக்குப் பெயர் பெற்றனர். கடிதம் என்று வரும், எப்பொழுது வரும் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. காத்திருப்பவனுக்கு விரைவைக் காட்டிலும் அவ்வுறுதி பெரிது அன்றோ?

1938-ஆம் ஆண்டில், தம் 34-ஆம் வயதில், டாட்டா தொழிற்குழுமம் முழுவதற்கும் அவர் தலைவரானார். எஃகு, மின்சாரம், வேதிப்பொருள் எனப் பல தொழில்கள் அவர் கைக்கு வந்த போதிலும் விமானத் தொழிலில் அவர் கொண்ட அன்பு குறையவில்லை. 1946-ஆம் ஆண்டில் அந்நிறுவனம் ஏர் இந்தியா என்னும் பெயர் பெற்றது. 1948-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆம் நாள், மலபார் இளவரசி எனப் பொருள்படும் பெயர் தாங்கிய விமானம், கெய்ரோ, ஜெனீவா ஆகிய நகரங்களின் வழியாகப் பம்பாயிலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்டது. விடுதலை பெற்று ஓராண்டு கூட நிறைவடையாத நாடு ஒன்றின் விமானம் கண்டம் விட்டுக் கண்டம் சென்றது கண்டு இந்தியர் மகிழ்ந்தனர்.

நம் நாட்டிலும் அக்காலத்தில் வான்வழி வளர்ந்து கொண்டிருந்தது. 1947-ஆம் ஆண்டில் மலாயன் ஏர்வேஸ் நிறுவனம் சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு ஆகிய ஊர்களுக்குச் சிறு விமானங்களை ஓட்டத் தொடங்கியது. நம் ஈப்போவும் அந்த முதற்பட்டியலில் இடம் பெற்றிருந்தது என்பது நமக்குப் பெருமை. 1954-ஆம் ஆண்டில் ஏர் இந்தியா விமானம் சிங்கப்பூருக்கும் வரலாயிற்று.

ஆயினும் அக்காலத்துத் தோட்டத் தொழிலாளர் எத்தனை பேர் விமானம் ஏறினர்? மிகச் சிலரே. பால் மரம் வெட்டிப் பெறும் கூலியில் விமானக் கட்டணம் கட்ட இயலுமா? அவர்கள் கப்பலிலேயே சென்றனர். ஆனால் அவர்தம் கடிதங்கள் விமானத்தில் ஏறின. நீல நிறத்து விமான மடலை வாங்கி, எழுதத் தெரிந்தவரைக் கொண்டு எழுதுவித்து, ஓரத்தை ஒட்டி அனுப்பி விட்டு, மறுமொழிக்காகத் தபால் வரும் நேரத்தில் அலுவலக வாசலில் நின்ற நம் பாட்டன் பாட்டியர் பலர். மனிதர் ஏற முடியாத விமானத்தில் அவர்தம் சொற்கள் ஏறிச் சென்றன. கடிதத்தைச் சுமக்கவே வான்வழி கண்ட டாட்டாவின் பணியும், அதனைப் போன்ற பிறர் பணியும், எளியவருக்கு முதலில் பயன்பட்டது இவ்வகையிலேதான்.

பதவி போயினும் பற்றுப் போகவில்லை

1953-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் விமான நிறுவனங்களை நாட்டுடைமை ஆக்கியது. தாம் வளர்த்த நிறுவனம் தம் கையை விட்டுச் சென்ற போதிலும், அரசின் வேண்டுகோளை ஏற்று டாட்டா அதன் தலைவராக இருந்து பணியாற்றினார். விமானத்தில் பயணம் செய்யும் பொழுதெல்லாம் குறைகளைக் குறித்து வைத்து, அவற்றைத் திருத்துமாறு எழுதுவார். திரைச்சீலையின் தூய்மை முதல் தேநீரின் சுவை வரையில் எதுவும் அவர் பார்வைக்குத் தப்பாது. ஏர் இந்தியா விமானம் வருவதைக் கண்டு ஜெனீவா நகரத்தார் தம் கடிகாரத்தைத் திருத்திக் கொள்வர் என்றொரு செய்தி அக்காலத்தில் வழங்கி வந்தது. 1962-ஆம் ஆண்டில் அந்நிறுவனம் தன் விமானங்கள் அனைத்தையும் ஜெட் விமானங்களாகவே வைத்துக் கொள்ளும் நிலையை எய்தியது.

1978-ஆம் ஆண்டில் அரசாங்கம் அவரைத் தலைவர் பதவியிலிருந்து நீக்கியது. நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பேணி வளர்த்த பணியிலிருந்து அவ்வாறு விலக்கப் பெறுவது எவருக்கும் துன்பமே. 1980-ஆம் ஆண்டில் அவர் இயக்குநர் குழுவின் உறுப்பினராக மட்டும் மீண்டும் அழைக்கப் பெற்றார். மனக்கசப்பு இன்றி அவ்வழைப்பையும் ஏற்றார்.

1982-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள், முதல் தபால் பயணத்தின் பொன்விழா வந்தது. அப்பொழுது அவருக்கு வயது 78. பழைய காலத்துச் சிறு விமானம் ஒன்றில் தனியே ஏறி, கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு மீண்டும் பறந்து வந்தார். இளைஞரின் உள்ளத்தில் ஊக்கம் பிறக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். ஜெட் விமானம் ஒன்றரை மணி நேரத்தில் கடக்கும் தொலைவைப் பழைய வேகத்திலேயே கடந்து, தாம் தொடங்கிய இடத்தை அவர் மறவாதிருந்ததை உலகுக்கு உணர்த்தினார்.

இறுதிக் காலம்

1992-ஆம் ஆண்டில் இந்தியாவின் மிக உயர்ந்த விருதாகிய பாரத ரத்னா அவருக்கு வழங்கப் பெற்றது. 1993-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 29-ஆம் நாள் ஜெனீவா நகரில், தம் 89-ஆம் வயதில் இயற்கை எய்தினார். பிறந்த பாரிஸ் மாநகரிலேயே அவர் உடல் அடக்கம் செய்யப் பெற்றது. 2022-ஆம் ஆண்டு ஜனவரி 27-ஆம் நாள் ஏர் இந்தியா நிறுவனம் மீண்டும் டாட்டா குழுமத்தின் கைக்கு வந்தது. அதனைக் காண அவர் இல்லை. அவர் இட்ட வித்து மட்டும் இருந்தது.

நாம் கற்க வேண்டியவை

நம் ரப்பர்த் தோட்டங்கள் பலவும் இன்று செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறி விட்டன. லயங்கள் மறைந்தன. அன்று ஒரு வாரம் கடலில் மிதந்து வந்தவர்களின் பேரப் பிள்ளைகள் இன்று நான்கு மணி நேரத்தில் சென்னை சென்று திரும்புகின்றனர். இம்மாற்றம் தானே வந்ததன்று. நேரத்தைப் போற்றிய பலரின் உழைப்பால் வந்தது.

மாணவச் செல்வங்களே! பள்ளி மணி அடிக்கும் முன்பு வகுப்பில் இருப்பதும் நேரத்தைப் போற்றுவதே. தேர்வு நாளன்று பக்கத்தில் இருக்கும் தோழனின் எழுதுகோல் உடைந்து போனால், உங்களிடம் இருக்கும் மற்றொன்றை எடுத்துக் கொடுங்கள். அவன் உங்களைக் காட்டிலும் ஒரு மதிப்பெண் கூடுதலாகப் பெற்று விடக்கூடும். பெற்றுக் கொள்ளட்டும். அபூக்கிரில் பிளக்குகளைக் கொடுத்த டாட்டாவை அப்பொழுது நினைத்துக் கொள்ளுங்கள்.

பெற்றோர்களே! உங்கள் இல்லத்து முதியோர் எந்த ஊரிலிருந்து, எந்தக் கப்பலில், எத்தனை நாளில் வந்தனர் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அவர்கள் உயிரோடு இருக்கையிலேயே கேட்டு எழுதி வைக்கச் செய்யுங்கள். தொலைவின் அருமையை அறிந்தவர்களே நேரத்தின் அருமையையும் அறிவர்.

நாளை நம் திடலுக்கு மேலே விமானம் செல்லும் பொழுது மாணவர்கள் கை அசைப்பார்கள். அசைக்கட்டும். அதில் பயணம் செய்பவராகவும், அதனை ஓட்டுபவராகவும், அதன் இயந்திரத்தைப் பழுது பார்ப்பவராகவும் நம் பள்ளிப் பிள்ளைகள் ஒரு நாள் விளங்குவர் என்று நாம் நம்புகின்றோம்.